மொறிஸ் மைனருக்கு எட்டுச் சிலிண்டர் எதற்கு?

கிளிநொச்சியில், கண்டி வீதியிலிருந்து சற்று உட்புறமாக உள்ள ஒரு கராஜின் வேப்பமர நிழலில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. சில்லுகள் கழற்றப்பட்டுக் கட்டைகளின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. எஞ்சின் வெளியே எடுக்கப்பட்டு, எண்ணெய்ச் சாக்கினால் மூடப்பட்டு ஒரு மூலையில் கிடக்கிறது. கூரையைச் சுற்றி வெண்கட்டியால் ஒரு கோடு கீறப்பட்டுள்ளது. அந்தக் கோட்டின் வழியே கூரையை அறுத்தெறிந்துவிட்டு, கொழும்பிலிருந்து நான்கு லீற்றர், எட்டுச் சிலிண்டர் ரொயோட்டா எஞ்சின் ஒன்றைத் தருவித்து இதனுள் இறக்க வேண்டும் என்பது லண்டனில் வாழும் என் தங்கை மகனின் திட்டம். பணம் அவனுடையது. உழைப்பு கராஜ்காரருடையது. ஓட்டப்போவது கராஜ்காரரின் இளைய மகன், வயது இருபத்திரண்டு.

நான் வேண்டாம் என்றேன். மருமகன் என்னைப் பழமைவாதி என்றான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தவன், பொங்கல் முடிந்து விமானம் ஏறும்வரை என்னுடன் வாதாடினான். ஏறிய பின்னும் தொலைபேசியில் தொடர்கிறான். வாதத்தை வாசகர்கள் முன் வைப்பதே நல்லது என்று தோன்றியது. நாற்பது ஆண்டுகளாகச் செய்திக்கும் பத்திக்கும் பேனா பிடித்தவனுக்கு வேறு மன்றம் ஏது?

முதலில் அவன் கட்சியை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் வாதத்தை நோஞ்சானாக்கிவிட்டு அதை அடித்து வீழ்த்துவது வீரமல்ல. பாரம் குறைந்த, கூரையில்லாத சிறு காரில் வலுமிக்க எஞ்சினைப் பொருத்துவது மோட்டார் உலகின் மிகப் பெரிய இன்பங்களில் ஒன்று என்கிறான் அவன். பாரம் குறைந்த கார் விரைவாகத் திரும்பும், குறைந்த தூரத்தில் நிற்கும். அதற்கு வலுவும் சேர்ந்துவிட்டால் ஓட்டுவது பறப்பதுபோல் இருக்கும். எஞ்சின் யாரையும் கொல்வதில்லை, ஓட்டுநரின் கால்தான் கொல்கிறது. அத்துடன், "வன்னிப் பெடியனுக்கு மட்டும் உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டருமே போதும் என்று ஆர் மாமா எழுதி வைச்சது?" என்று ஒரு கேள்வி. இந்தக் கடைசிக் கேள்வி என்னை உறுத்தியது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அவன் வேதமாகக் கொள்வது கோப்றா என்ற காரை. அதன் கதை எனக்கும் தெரியும். இங்கிலாந்தில் ஏசி என்ற சிறு நிறுவனம் 'ஏஸ்' என்றொரு அழகிய திறந்த காரைச் செய்துவந்தது. இரண்டு லீற்றர் அளவிலான ஆறு சிலிண்டர் எஞ்சின், அலுமினிய உடல். அமெரிக்காவின் ரெக்சாசைச் சேர்ந்த கரோல் ஷெல்பி 1959இல் லு மான் 24 மணிநேரப் போட்டியில் வென்றவர். இதயநோயினால் ஓட்டப்பந்தயத்தைக் கைவிட்டவர். அவர் 1962இல் அந்த ஏஸினுள் போர்ட் நிறுவனத்தின் 4.2 லீற்றர் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை இறக்கினார். பின்னர் அது 4.7 லீற்றரானது. அதுவும் போதாமல் 1965இல் 7 லீற்றர் எஞ்சின் வந்தது. 400க்கும் மேற்பட்ட குதிரைவலு. காரின் நிறையோ ஒரு தொன்னைச் சற்றே தாண்டும்.

மருமகன் இங்கேயே கதையை நிறுத்திவிடுகிறான். நிறுத்தக்கூடாத இடம் இதுதான்.

லு மானின் நீண்ட நேர்ச் சாலையில், 4.7 லீற்றர் எஞ்சின் கொண்ட திறந்த கோப்றாக்களால் மூன்று லீற்றர் பெராரிகளைப் பிடிக்க முடியவில்லை. சிறிய எஞ்சின் முன்னே ஓடியது. பெரிய எஞ்சின் பின்னே மூச்சுவாங்கியது. காரணம் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது; அதை வெல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. காற்றை மட்டும் கணக்கெடுத்தால், வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு வலு வேண்டும். திறந்த கார் என்பது வாயைப் பிளந்துகொண்டு காற்றை விழுங்கும் பாத்திரம். பீற்றர் புரொக் என்ற இளம் வடிவமைப்பாளர் அதே எஞ்சினை, அதே அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, மேலே ஒரு கூரையை இட்டு, பின்புறத்தை நறுக்கிவிட்டாற்போல் ஓர் உடலைச் செய்தார். அதுவே டேற்றோனா கூபே. 1964இல் லு மானில் தன் பிரிவில் முதலிடம். 1965 ஜூலையில் பிரான்சின் றைம்ஸ் நகரில் அது உலக ஜிரி பட்டத்தையே பெராரியிடமிருந்து பறித்தது.

ஆக, கோப்றாவின் மகுடத்தை வென்று கொடுத்தது ஒரு கூரை. மருமகன் முதலில் அறுத்தெறிய நினைப்பதும் அதையேதான்.

ஏழு லீற்றர் அசுரனுக்கு நேர்ந்தது என்ன? 1965ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கு அனுமதி பெற 100 கார்கள் வேண்டியிருந்தன. ஷெல்பியால் அத்தனையைச் செய்து காட்ட முடியவில்லை. பந்தயத்துக்கென்று செய்யப்பட்டு வாங்குவாரற்று நின்ற கார்களில் முப்பது வரையானவற்றைச் சிறிது மாற்றி, வீதியில் ஓடும் கார்கள் என்று விற்றார்கள். இன்று அவை கோடிக்கணக்கில் விலைபோகின்றன. அவற்றைப் பார்த்துச் செய்த போலிகள் அசலைவிடப் பன்மடங்கு அதிகம். ஒன்றை மட்டும் ஷெல்பிக்குச் சார்பாகச் சொல்ல வேண்டும். ஏழு லீற்றர் எஞ்சினைப் பழைய அடிச்சட்டம் தாங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குழாய்களைத் தடிப்பாக்கினார்கள், குறுக்கே கிடந்த தகட்டு ஸ்பிறிங்குகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிறிங்குகள் இட்டார்கள். அதாவது, எஞ்சினை மாற்றியவர்கள் காரையே மாற்றினார்கள். அதற்கு போர்ட் நிறுவனத்தின் பொறியியலாளர்களும் பணமும் பின்னால் நின்றன. வேப்பமரத்தடியில் நிற்பது யார்?

இன்னொரு கார். ஹில்மன் கார்களை நம் முதியவர்கள் அறிவார்கள். இலங்கை வீதிகளில் ஒருகாலம் நிறைந்து ஓடியவை. அவற்றைச் செய்த றூற்ஸ் குழுமம், தன் சிறிய சன்பீம் அல்பைனுக்குள் 1964இல் இதே போர்ட் எட்டுச் சிலிண்டரை இறக்கி 'ரைகர்' என்று பெயரிட்டது. இடம் போதவில்லை. எஞ்சினை இறக்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே முன்தடுப்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து வளைத்தார்கள் என்று சொல்வார்கள். தீப்பொறிச் செருகிகளில் ஒன்றை மாற்ற, காரின் உள்ளே வந்து, தகட்டிலிருந்த அடைப்பைக் கழற்றித் துவாரத்தினூடாகக் கைவிட வேண்டும். 1967இல் றூற்ஸை வாங்கிய கிறைஸ்லர், போட்டியாளரின் எஞ்சினோடு காரை விற்க விரும்பவில்லை. தன் சொந்த எட்டுச் சிலிண்டரோ அந்தக் குழிக்குள் அடங்கவில்லை. ரைகரின் கதை அத்துடன் முடிந்தது.

நிற்க.

நம் மொறிஸ் மைனருக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். கடைசியாக வந்த மாதிரிகளில் 1098 சிசி எஞ்சின், 48 குதிரைவலு. நிறை முக்கால் தொன் வரை. நான்கு சில்லுக்கும் உருளை பிறேக். பின்அச்சைத் தாங்குவது தகட்டு ஸ்பிறிங். இதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே எலும்புக்கூடு. அந்த உடலின் விறைப்பில் கூரைக்குப் பெரும் பங்கு உண்டு. தொழிற்சாலையே கூரை மடக்கும் மைனரைச் செய்தபோது கீழ்ப்புறத்தில் மேலதிக இரும்பு வைத்துப் பலப்படுத்தியது. வெண்கட்டிக் கோட்டின் வழியே அறுத்தால், நடுவில் வளையும் ஒரு தகரப் பெட்டி மிஞ்சும். அதற்குள் சுமார் 250 குதிரைவலுவை, பழைய எஞ்சினின் ஐந்து மடங்கை, வைக்கப்போகிறார்கள். முன்பாரம் கூடும், சுக்கான் கல்லாகும். அழுத்தினால் பின்அச்சு தகட்டு ஸ்பிறிங்கை முறுக்கித் துள்ளும். நிறுத்தும் வேலையோ, அந்தச் சிறு உருளை பிறேக்குகளின் தலையில்.

ஓடும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது என்பதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். 60இல் ஓடிய கார் 120இல் ஓடினால் பிறேக் கரைக்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்கு. எஞ்சினை மாற்றுபவர்களில் பத்தில் ஒருவராவது பிறேக்கை முதலில் மாற்றுகிறாரா? நான் கண்டதில்லை. எஞ்சின் ஒலி எழுப்பும், நண்பர்களைக் கூட்டும். பிறேக்கை யார் படம் பிடித்துப் போடுகிறார்கள்?

வன்னிக்கு எஞ்சின் மாற்றுவது புதிதல்ல. இதை மருமகனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் பிறந்தது வெளியே. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் எங்களுக்கு மருந்து போல ஆயிற்று. ஏ40, ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் என்று கிழட்டுக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஊசிமருந்துக் குழாயாலோ சிறு போத்தலாலோ காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த வெண்புகையும் மணமும் இன்றும் என் சட்டைகளில் இருப்பதுபோல் ஒரு பிரமை. பழைய ஆங்கிலேய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால்தான் இது கைகூடியது. ஏ40இன் எஞ்சின் 40 குதிரைவலுவைச் சற்றுத்தான் தாண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்தபோதும், அதன் பின் வன்னிக்குள் ஊர் ஊராக அலைந்தபோதும், நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் சுமந்து ஓடியவை அந்த நாற்பது குதிரைகள். கராஜ்காரர்கள் ஜப்பானிய டீசல் எஞ்சின்களையும் ஒக்ஸ்போட்டுகளுக்குள் இறக்கினார்கள். எதற்காக? கார் ஓட வேண்டும் என்பதற்காக. குறைந்த எண்ணெயில், கூடுதல் பாரத்துடன், வழியில் நின்றுவிடாமல். அது தேவை பெற்றெடுத்த பொறியியல். அதனால்தான் அந்தக் கைகளை நான் வணங்குகிறேன். அதே கைகளை இன்று இந்த வேலைக்குக் கூலிக்கு அமர்த்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி நான் எழுத விரும்பாத பகுதி.

2003ஆம் ஆண்டு. ஏ9 பாதை திறந்து ஓராண்டு கடந்திருந்தது. கொழும்பிலிருந்து பாவித்த ஜப்பானிய எஞ்சின்கள் வரத் தொடங்கியிருந்தன. பத்தாண்டுகளுக்கு மேலாக மண்ணெண்ணெய் முகர்ந்த எங்களுக்கு அந்த எஞ்சின்களின் ஒலி சங்கீதமாக இருந்தது. ஓர் இளைஞன் (பெயர் வேண்டாம்) மொறிஸ் மைனர் ஒன்றின் கூரையை வெட்டி, உள்ளே 100 குதிரைவலு அளவிலான எஞ்சினைப் பொருத்தி, சிவப்பு வர்ணம் அடித்துக்கொண்டு வந்தான். அது ஊரின் அதிசயமாயிற்று. நான் அவனைப் பேட்டி கண்டேன். ஞாயிறு இதழில் அரைப் பக்கம். ஒரு காலை முன்பம்பரில் ஊன்றி அவன் நிற்கும் படம். தடைக்காலம் முடிந்து நம் பிள்ளைகளின் கைகள் விரிகின்றன என்ற பொருளில் என்னென்னவோ எழுதினேன். எஞ்சினின் வலுவை எழுதினேன். காரின் வேகத்தை எழுதினேன். பிறேக்கைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

ஏ9இல் அந்நாளில் வேகமானியோடு காவலர்கள் நின்றார்கள். தண்டப்பணத்துக்கு அஞ்சி எல்லோரும் மெதுவாகவே போனார்கள். ஆகவே அவன் தன் காரை உள்வீதிகளில் ஓட்டினான். கட்டுரை வந்து மூன்று மாதம் ஆகவில்லை. மாலை நேரம், கிறவல் வீதி, மேய்ச்சல் முடித்துத் திரும்பும் மாடுகள். பிறேக்கை அழுத்தியபோது கார் ஒரு பக்கமாக இழுத்து, சுழன்று, வாய்க்கால் கட்டில் ஏறிக் கவிழ்ந்தது. கவிழ்ந்த காருக்கு மேலே ஒன்றும் இல்லை. நான் மரணவீட்டுக்குப் போனேன். விறாந்தைச் சுவரில் என் அரைப் பக்கம் கண்ணாடிச் சட்டமிடப்பட்டுத் தொங்கியது. அவனுடைய தாய் என் கையைப் பிடித்து, "நீங்கள்தானே ஐயா அவனைப் பற்றி எழுதினது" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல, பெருமையோடு சொன்னார். அதற்கு நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பது நினைவில்லை. அடுத்த வாரம் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது பிழையாகச் செய்த கார், மாமா; நாங்கள் சரியாகச் செய்வம்" என்றான். நியாயமான மறுமொழி. சரியாகச் செய்வதென்றால் என்னவென்று நானும் கராஜ்காரரும் ஓர் மாலை உட்கார்ந்து கணக்கிட்டோம். உடலைப் பலப்படுத்தும் குழாய்ச் சட்டம், தலைக்கு மேல் கவிழ்வுக் குழாய், வேறு பின்அச்சு, வேறு கியர் பெட்டி, வேறு சுக்கான், நான்கு சில்லுக்கும் தட்டு பிறேக், அகன்ற ரயர், அதற்கு வெட்டப்பட்ட மட்காட். கடைசியில் கராஜ்காரர் சிரித்தார். "அண்ணை, மொறிசின்ரை பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்." இத்தனைக்குப் பிறகும் கார் ஓட வேண்டியது கிளிநொச்சியில். இந்நாட்டில் ஊர்களுக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர் எல்லை. 250 குதிரைவலு அந்த வேகத்தைச் சில வினாடிகளில் எட்டிவிடும். மீதி நேரமெல்லாம் அந்த எஞ்சின் என்ன செய்யும்? முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனங்களோடும் சேர்ந்து அதுவும் நிற்கும். மாட்டுக்கு நிற்கும். இரவில் யானைக்கு நிற்கும்.

இப்போது அந்தக் கேள்வி. வன்னி இளைஞனுக்கு இன்பம் வேண்டாமா? வேண்டும். அவனுக்கு நெல்லும் உழவு இயந்திரமும் போதும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் பாரம் குறைந்த திறந்த காரின் இன்பத்துக்குப் பெரிய எஞ்சின் வேண்டும் என்பதே பொய். கொலின் சப்மன் 1957இல் செய்த லோட்டஸ் செவன், அரைத் தொன்கூட இல்லாத கார். தொடக்கத்தில் அதிலிருந்தது 40 குதிரைவலு அளவிலான சாதாரண போர்ட் எஞ்சின். வலுவைக் கூட்டுவதிலும் பார்க்கப் பாரத்தைக் குறைப்பதே மேல் என்பது அவருடைய கொள்கை. மஸ்டா 1989இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5, 1.6 லீற்றர் எஞ்சினோடு வந்தது. 2016க்குள் பத்து இலட்சம் கார்கள் செய்யப்பட்டுவிட்டன. அதற்குள்ளும் எட்டுச் சிலிண்டரை இறக்குகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

கடல் கடந்து அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் போர்முலா வண் காரைச் சென்னைக்கு அருகே சோழவரம் ஓடுபாதையில் ஓட்டினார். கூட்டம் வாய்பிளந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூர்க்காரரான கரிவரதன், சந்தைக்கும் பள்ளிக்கும் போய்வரும் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து, ஒற்றை இருக்கைத் திறந்த பந்தயக் கார்களைச் செய்தார். போர்முலா மாருதி என்று பெயர். செலவு குறைவு, பாரம் குறைவு, வலுவும் குறைவு. எல்லோர் எஞ்சினும் ஒன்றே என்பதால், வெல்ல வேண்டுமானால் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கார்களில் கைபழகியவர்களில் ஒருவர்தான் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணியில் போர்முலா வண் பந்தயம் ஓடிய முதல் இந்தியர். பெரிய எஞ்சினைப் பார்த்த கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. சிறிய எஞ்சின் ஒரு தலைமுறை ஓட்டுநர்களைச் செய்து வைத்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நம் தீவிலும் பந்தயத்துக்கு இடம் இல்லாமலில்லை. களுத்துறை மாவட்டத்துக் கட்டுக்குருந்தையில் பழைய விமான ஓடுபாதை இருக்கிறது. மருமகனுக்கு எட்டுச் சிலிண்டர் ஆசை அடங்காவிட்டால் காரை அங்கே கொண்டுபோய் ஓட்டட்டும். ஆனால் அவன் ஓட்டட்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் உடலைத் தன் ஆசைக்கு வாடகைக்கு எடுக்கக்கூடாது. லண்டனிலிருந்து அனுப்பப்படும் பணத்தில் இவ்வகை ஆசைகள் வன்னிக்குள் வந்திறங்குவது இது முதல் தடவையல்ல. நள்ளிரவில் குழாய் வெட்டிய மோட்டார் சைக்கிள்கள் கண்டி வீதியைக் கிழித்துக்கொண்டு போகும்போது, அந்த வண்டியை வாங்க வெளியிலிருந்து காசு அனுப்பிய மாமனோ அண்ணனோ அங்கே நிம்மதியாக உறங்கிக்கொண்டிருப்பான் என்றே எனக்குத் தோன்றும்.

சென்ற கிழமை நான் மாற்றுத் திட்டம் ஒன்றை அனுப்பினேன். அதே 1098 சிசி எஞ்சினைக் கடைந்து புதுப்பிப்பது. முன் சில்லுகளுக்குத் தட்டு பிறேக். இருக்கைப் பட்டிகள். கூரை வேண்டாமென்றால், தொழிற்சாலை செய்ததுபோல் கீழே இரும்பு வைத்துப் பலப்படுத்திவிட்டு, கவிழ்வுக் குழாயோடு துணிக்கூரை. எட்டுச் சிலிண்டருக்கு ஆகும் செலவில் பாதியும் வராது. மீதிப் பணத்தில் அந்தப் பெடியனை முறையான தொழிற்பயிற்சிக்கு அனுப்பலாம். மருமகன் இன்னும் மறுமொழி தரவில்லை. யோசிக்கிறான் என்று தங்கை சொல்கிறாள்.

நேற்று மாலை கராஜ் பக்கம் போனேன். பெடியன் குந்தியிருந்து, சாக்கை விலக்கி, பழைய எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தகப்பன் சொல்லவில்லையாம், தானாகத்தான் தொடங்கினானாம். "வால்வு எல்லாம் நல்லாத்தான் இருக்குது ஐயா" என்றான். கூரையில் வெண்கட்டிக் கோடு அப்படியே இருந்தது. அன்று மதியம் பெய்த மழையில் வேப்பமரத்துக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு மூலையில் மட்டும் அது அழிந்திருந்தது.